ஆளுக்கொரு பாத்திக்

மார்கழிக் காலையில் வாட்டர்கலர் லேசில் காயாது. கும்பகோணம் பகவத் படித்துறையின் மேல்படியில் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓவியர், முதல் வாஷைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். எதிர்க்கரைத் தென்னைகள் பனியில் பாதிதான் தெரிந்தன. "இந்தப் பாதிக்காகத்தான் சார் விடியறதுக்கு முன்னாடியே வர்றது. எட்டரைக்கு மேல எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சிரும். அப்புறம் வரையறதுக்கு என்ன இருக்கு?"

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. விலை, பாக்கி, பேரம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். சுவாமிமலை சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். சென்னையில் சினிமா ஆர்ட் டிபார்ட்மெண்டிலும், பிறகு ஒரு விளம்பர நிறுவனத்திலும் சில வருடம் குப்பை கொட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். இப்போது லேண்ட்ஸ்கேப் மட்டும்தான். கேலரி இல்லை, ஏஜெண்ட் இல்லை. வரைவதும் அவரே, விற்பதும் அவரே.

தாள் அரை ஷீட், 15க்கு 22 அங்குலம். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள். நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப்பால் பலகையோடு ஒட்டியிருந்தது. வானத்துக்கு அவர் வாஷ் போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைக் கலந்தால் சாம்பல் வரும். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ச்சியான சாம்பல், சியன்னா தூக்கலாக இருந்தால் கதகதப்பான சாம்பல். மார்கழி வானம் மொத்தமும் இந்த இரண்டு டியூபுக்குள் அடக்கம் என்பது அவர் கட்சி. அணில் முடி மாப் பிரஷ்ஷில் வண்ணத்தை நிறைய ஏந்தி, தாளின் மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு. பலகை சாய்ந்திருப்பதால் இழுப்பின் கீழ் விளிம்பில் வண்ணநீர் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்தத் திரட்சியைத் தொட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். ஆறேழு இழுப்பில் வானம் இறங்கிவந்து தோப்பைத் தொட்டது. நடுவில் நிறுத்தி யோசித்தால் கோடு விழுந்துவிடும். கடைசியில் மிஞ்சுகிற நீரைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுக்காவிட்டால், அது பாதி காய்ந்த வாஷுக்குள் திரும்ப ஏறி, ஓரம் சுருண்டு பூப்பூவாகப் படர்ந்துவிடும். அதற்குக் காலிஃப்ளவர் என்று பெயர். பனிக்காலத்தில் காலிஃப்ளவர் சாகுபடி அதிகம் என்றார்.

வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். படியில் விழுந்த வெயில், குளித்துவிட்டு ஏறுகிறவரின் தோளில் பட்ட வெளிச்சம், பித்தளைக் குடத்தில் ஒரு பொட்டு மினுக்கம், எல்லாமே முன்கூட்டி விட்டுவைக்க வேண்டிய இடங்கள். வண்ணம் ஏறிவிட்டால் அந்தப் பளீர் வெள்ளை திரும்பக் கிடைப்பது கஷ்டம். அதனால் தாளைத் தொடுவதற்கு முன்பு உள்ளங்கை அளவு நோட்டில் இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்றே டோனில் பென்சிலால் ஒரு குட்டிப் படம் போட்டுக்கொள்கிறார். "இதுல படம் நிக்கலேன்னா பெருசுல எப்படி நிக்கும்?"

துணி துவைக்க வந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "என்னையும் போட்டுட்டியா தம்பி? குண்டா போட்டுடாத" என்றார்.

"உங்களுக்கு ரெண்டே தீத்துதான் அக்கா."

நிஜம்தான். தலைக்கு ஒரு பொட்டு, புடவைக்கு ஒரு தீற்று. பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது, குனிந்து துணியை அலசும் அதே அம்மா.

பகல் முழுக்க அவர் வீட்டு மாடி அறையில் இருந்தேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுப்பது, நிறம் சரிபார்ப்பது, இன்ஸ்டாகிராமில் போடுவது, வாட்ஸ்அப்பில் விலை கேட்டவர்களுக்குப் பதில் எழுதுவது. 'நைஸ் ஒர்க் சார்' என்று எழுதுகிறவர்களில் நூற்றில் ஒருவர் வாங்கினால் பெரிது. இடையில் விற்றுப்போன ஒரு படத்தைக் கட்டினார். மேலே பட்டர் பேப்பர், இரண்டு பக்கமும் ஃபோம் போர்டு, பிளாஸ்டிக் உறை, விளிம்பெல்லாம் டேப். ஃப்ரேம் போட்டு அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஒருமுறை வழியில் கண்ணாடி உடைந்து, சில்லு தாளைக் கீறிவிட்டது. கூரியர்காரர்கள் திருப்பித் தந்தது அனுப்பும் கூலியை மட்டும்தான்.

விலை ஏறக்குறைய சதுர அங்குலக் கணக்கு. அரை ஷீட் 12,000 ரூபாய், கால் ஷீட் 6,500. ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் கிழிப்பது போல இருக்கிறதே என்றேன். சிரித்தார். பிடித்த படத்துக்கு ஒரு விலை, பிடிக்காததற்கு ஒரு விலை என்று வைத்தால், வாங்குகிறவர் ஏன் என்று கேட்பார். பதில் சொல்ல முடியாது. இந்த வழக்கம் அவர் கண்டுபிடித்ததும் அல்ல, பல ஊர் ஓவியர்கள் இப்படித்தான் விலை வைக்கிறார்கள். வெளிநாட்டுப் பருத்தித் தாள் ஒரு முழு ஷீட்டே பல நூறு ரூபாய் ஆகிறது, டியூப் விலை தனி. இரண்டு படம் கெட்டால்தான் ஒரு படம் தேறும் என்பதையும் அந்த அங்குலக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேலரி வழியாக விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அவர்களுக்குப் போகும். அதைக் கொள்ளை என்று திட்டுவார் என எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "வாடகை, லைட்டு, ஆள், அழைப்பிதழ் எல்லாம் அவங்க செலவு. அந்தப் பாதிக்கு அவங்க பாக்குற வேலையை இப்ப நான் பாக்குறேன். அவ்வளவுதான் சார் வித்தியாசம்."

தன் படத்தைத் தானே விற்பது இந்தக் காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டியதில்லை. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டில் மதுரை, ராமேஸ்வரம், தஞ்சாவூர் என்று சுற்றிக் கோயில்களையும் மலைகளையும் வரைந்தார்கள். சென்னைக்குத் திரும்பியதும் 1793இல் தங்கள் ஓவியங்களை லாட்டரி போட்டுத்தான் விற்றார்கள், பயணச் செலவுக்காக. இன்று டேனியல் படம் மாட்டாத ஹெரிடேஜ் ஹோட்டல் இருக்கிறதா? மாட்டுகிறவர்களுக்கு லாட்டரிக் கதை தெரியாது.

எது விற்கிறது? கோபுரம் விற்கிறது. திண்ணை வீடு, தேர், படித்துறை, மகாமகக் குளம் விற்கின்றன. அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல், வறண்டு கிடக்கும் அரசலாறு, மழையில் நனைந்த பஸ் ஸ்டாண்ட் விற்பதில்லை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போனவர்கள். பெங்களூரிலோ டல்லாஸிலோ ஹாலில் மாட்ட அவர்களுக்கு ஊர் வேண்டும், அதுவும் அடையாளம் தெரிகிற ஊராக வேண்டும். வயலைப் பார்த்து இது எங்கள் வயல் என்று விருந்தாளியிடம் காட்ட முடியுமா? அவர் அறையில் பரணுக்குக் கீழே சுவரோரமாக அடுக்கியிருந்த படங்கள் அத்தனையும் வயல்கள். கண்ணுக்கு எட்டும் வரை பழுப்பு, ஓரத்தில் ஒரு மின்கம்பம், மேலே ஒன்றுமில்லாத வானம். என் கணக்கில் அவர் வரைந்தவற்றில் ஆகச் சிறந்தவை அவைதான்.

அந்த அடுக்கைப் பார்த்ததும் எனக்குச் சோழமண்டலம் ஞாபகம் வந்தது. கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தபோது, படித்து முடித்து வெளியே போகிற மாணவர்களுக்கு வேலையும் இல்லை, அவர்கள் வரைகிற நவீன ஓவியத்துக்கு ஊரில் வாங்க ஆளும் இல்லை. ஓவியத்தை விற்பனைக்கு ஏற்ற மாதிரி வளைக்க வேண்டாம், வயிற்றுக்கு வேறு வேலை செய்வோம் என்று அவரும் மாணவர்களும் முடிவு செய்தார்கள். மெழுகு பூசித் துணியில் சாயமேற்றும் பாத்திக் போட்டார்கள், வேறு கைவினைப் பொருள்களும் செய்தார்கள். விற்ற பணத்தைச் சேர்த்து இஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்வெளியில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பணிக்கரே இளமையில் நீர்வண்ண நிலக்காட்சிகளால் பெயர் வாங்கியவர் என்பதை நம் நண்பர் அடிக்கடி சொல்கிறார், தன் கட்சிக்கு ஆள் சேர்ப்பது போல.

தனியாக நின்று பிழைக்கும் எந்த ஓவியரை எடுத்துக்கொண்டாலும் எங்கோ ஒரு பாத்திக் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவருக்கு அது பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலை, இன்னொருவருக்குப் புத்தக அட்டை. இவருக்கு இரண்டு உண்டு. சனி, ஞாயிறு ஆன்லைன் வகுப்பு ஒன்று, மாதாமாதம் வீட்டு வாடகையைத் தருவது அதுதான். மற்றது கோபுரம். சிக்கல் இரண்டாவதில்தான். சோழமண்டலத்துக்காரர்களுக்கு மெழுகும் துணியும் ஒரு பக்கம், ஓவியம் மறுபக்கம். இவருக்கோ பிழைப்புக்கும் தனக்கும் ஒரே பிரஷ், ஒரே தாள். "கும்பேஸ்வரர் கோபுரம் இருபது தடவை போட்டாச்சு. இப்பல்லாம் கை தானா போகுது சார். அதான் பயமா இருக்கு." அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார். ஆர்டர் படமாகவே இருந்தாலும் போட்டோவைப் பார்த்து வரைவதில்லை, ஸ்பாட்டுக்குப் போய்த்தான்.

கோபுரப் படங்களைக் காலண்டர் வேலை என்று ஒதுக்கும் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை. மகாமகக் குளத்தை மழையில் வரைந்த ஒரு ஆர்டர் படத்தின் போட்டோவைக் காட்டினார். கரையைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களில் ஐந்துதான் தெரிந்தன, மீதி மழைக்குள் கரைந்திருந்தன. அருமையான படம். வாங்கியவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினோரு மண்டபம் குறையுதே" என்று போன் செய்தாராம். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதற்குள் குளத்தை மட்டும் ஒரு வரிசையாக வரைந்து பிரிண்ட் போட்டு வைக்க வேண்டும் என்பது திட்டம். பதினாறும் தெரிகிற மாதிரி ஒன்று, தெரியாத மாதிரி மற்றவை.

ஜனவரியில் அவரோடு மைசூர் எக்ஸ்பிரஸில் பெங்களூருக்குப் போனேன். கர்நாடக சித்ரகலா பரிஷத் வருடந்தோறும் நடத்தும் சித்ர சந்தை. ஒருநாள் மட்டும் குமாரகிருபா சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, நாடெங்கிலுமிருந்து வரும் ஓவியர்கள் இரு பக்கமும் கடை விரிக்கிறார்கள். நடுவில் யாரும் கிடையாது, வரைந்தவரே எதிரில் நிற்கிறார். காலையில் கூட்டம் பார்க்கிறது, மதியம் விலை கேட்கிறது, சாயங்காலம் வாங்குகிறது. வெயில் படங்களின் மேல் நேராக விழாமல் இருக்க அவர் வேட்டி ஒன்றைக் கட்டியிருந்தார். பேரம் அரைகுறைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. குறைத்துக் கேட்பவர்களிடம் விலையைக் குறைக்காமல் சிறிய படத்தைக் காட்டுவது அவர் தந்திரம். இருட்டும்போது கோபுரங்களும் படித்துறைகளும் பெரும்பாலும் போயிருந்தன. கொண்டுபோன வயல்கள் இரண்டும் அப்படியே திரும்பின. கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் அந்த வயல்களின் முன்னால்தான் நெடுநேரம் நின்றார்கள், எந்தத் தாள், எந்த நீலம் என்று கேட்டார்கள். அவர்களிடம் பணம் இருக்கவில்லை. வகுப்புக்கான எண்ணைக் கொடுத்து அனுப்பினார்.

இப்போது அவர் மேஜையில் இருப்பது திருவிடைமருதூர்ப் பக்கத்து வீடு ஒன்று. இடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. கையிலிருப்பது கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்றுதான், போய்ப் பார்க்க ஸ்பாட்டும் இல்லை. கட்டுப்பாட்டை இதற்காக மட்டும் தளர்த்தியிருக்கிறார். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கொடுத்த ஆர்டர். வாசல் கதவு பச்சை என்கிறார் அண்ணன், நீலம்தான் என்று சத்தியம் செய்கிறார் தம்பி. திண்ணை, ஓடு, தென்னை நிழல் எல்லாம் முடிந்துவிட்டன. கதவு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தாள் வெள்ளையாக இருக்கிறது.

"அட்வான்ஸ் யார் குடுத்தது?" என்றேன்.

"ஆளுக்குப் பாதி சார்."