மூடியைத் திறந்த பின்

புனேயில் ஒரு சந்துப் பட்டறை. ஆறு மாத உதவித்தொகைச் சேமிப்பில் பழைய மின் ஸ்கூட்டர் வாங்க வந்த ஆய்வு மாணவி ஒருத்தி, விலை பேசுமுன் அதன் உட்புறத்தைக் காண வேண்டும் என்றாள். விற்பவர் முகம் சுளித்தார். மெக்கானிக் மறுபேச்சின்றித் திருப்புளியை எடுத்தார்.

வெளிப்பூச்சு புதுமெருகு குலையாமல் இருந்தது. அவரோ அதைப் பொருட்படுத்தவில்லை. இருக்கைக்கு அடியில் வயர்கள் கவ்விகளின்றித் தொங்கின. ஓரிடத்தில் இரும்புச் சட்டத்தோடு உராய்ந்து மேலுறை தேய்ந்திருந்தது. கனெக்டர் ஒன்றில் ரப்பர் வளையம் இல்லை. அதன் செப்பு முனையில் பச்சை படிந்திருந்தது. மழைநீர் ஏற்கெனவே உள்ளே வந்து போயிருக்கிறது.

பேட்டரிப் பெட்டியில் ‘ஐபி67’ என்று பொறித்திருந்தது. தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். ஆனால் மூடியோரத்தில் யாரோ கையால் சிலிக்கான் பசை பூசியிருந்தார்கள். திறந்து ஒட்டிய பெட்டிக்கு அந்தப் பொறிப்பு உத்தரவாதம் ஆகாது.

வண்டி 2021இல் செய்யப்பட்டது. 2022இல் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய பிறகே பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 தரநிலை கடுமையாக்கப்பட்டது.

அவள் வசிப்பது ஒற்றை அறையில். உடன் தங்கையும் இருக்கிறாள். பேட்டரியைக் கழற்றிச் சென்று, இரவில் கட்டிலருகேதான் சார்ஜ் செய்ய வேண்டும். மெக்கானிக் அதைக் கேட்டறிந்த பிறகே தீர்ப்புச் சொன்னார்: வண்டி ஓடும், ஆனால் இந்தப் பேட்டரியின் அருகே எவரும் உறங்க வேண்டாம்.

விற்பவர் உடனே விலையைக் குறைத்தார். அவள் மெக்கானிக்கின் கூலியை மட்டும் கொடுத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.