பலாலிக்கு ஒன்றேகால் மணி

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 185, கிட்டத்தட்ட பாதி. இந்த வழிகளில் பறக்கும் ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகக்கூடியது. பள்ளிக்கூடக் கணக்குப்படி திருச்சிக்காரர் 22 நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். சென்னைக்காரருக்கு 43 நிமிடம். அட்டவணையிலோ அவருக்கு ஒரு மணி, இவருக்கு ஒன்றேகால் மணி என்று இருக்கும். தூரம் இரு மடங்கு, நேரம் கால் மணிதான் கூடுதல்.

விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிற்கும்வரை எல்லாமே அட்டவணைக் கணக்கில் சேரும். ஓடுபாதை வரை உருள்வது, முறை வரும்வரை காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது, வளைந்து ஓடுபாதைக்கு நேராக வருவது. தூரம் குறைந்தால் இவை குறைவதில்லை. திருச்சி விமானம் உயரம் பிடித்துச் சற்றுப் பறந்ததுமே இறங்கத் தொடங்கிவிடுகிறது. மூன்று மணி நேரம் முன்பே வந்து வரிசையில் நின்றதை எந்த அட்டவணையும் சேர்ப்பதில்லை. அது பயணியின் சொந்தச் செலவு.

சென்னையிலிருந்து போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குவது நல்லது. மேகம் இல்லாவிட்டால் சோழமண்டலக் கரை கோடிக்கரை வரை கூடவே வரும். பிறகு கொஞ்சம் கடல். உடனே பனை, செம்மண், தோட்டங்கள்.

இந்த 355 கிலோமீட்டர் எல்லாக் காலத்திலும் 355 ஆக இருக்கவில்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, அதன் டகோட்டா விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து பலாலியில் இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. சென்னைக்குப் போய்ப் படம் பார்த்து, பட்டெடுத்துத் திரும்பிய கதையைச் சொல்லும் முதியவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. போர் வந்தது, பலாலி படைத்தளமானது. சுற்றியிருந்த ஊர்ச் சனம் இடம்பெயர்ந்தது. சென்னைக்கு வர வேண்டுமானால் முதலில் 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குப் போய், அங்கிருந்து 650 கிலோமீட்டர் வடக்கே பறக்க வேண்டும். அதாவது சொந்த ஊருக்கு மேலாகவோ பக்கமாகவோ திரும்பி வரவேண்டும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடியிருந்த ஆண்டுகளில் கொழும்பை எட்டுவதே பெரும்பாடு. பாஸ், கப்பல், விசா என்று நாட்கணக்கில் போன பயணத்தை எந்த வேகத்தால் வகுப்பது?

2019 அக்டோபரில் பலாலி மறுபடி திறந்தது. பெருந்தொற்றில் மூடி, 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தது. முழு நீளத்துக்குப் புதுப்பிக்காத ஓடுபாதையில் பெரிய ஜெட் இறங்க வழியில்லை. அதனால் எழுபது சொச்சம் பேர் உட்காரும் ஏடிஆர். எனக்கு அதில் குறை இல்லை. தாழப் பறப்பதால் கடல் நன்றாகத் தெரிகிறது.

ஒருமுறை பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பைக் கேட்டு, "வந்திட்டமோ தம்பி? இப்பத்தானே ஏறினனாங்கள்" என்றார். கோப்பையில் தேநீர் பாதி இருந்தது. அவசரமாகக் குடித்து முடித்தார். குடிவரவு வரிசையில் நின்றபோதுதான் சலித்துக்கொண்டார்: "இஞ்சைதான் தம்பி தூரம்."