பின்சீட்டு

ஜூன் 17, 2025

அண்ணனின் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். மெடிக்கல் காலேஜில் கிடக்கும் மைனியின் அப்பாவைப் பார்க்கத் திருவனந்தபுரம் போனவர், தம்பானூரில் பஸ் இறங்கி, செயலியில் பைக் கூப்பிட்டிருக்கிறார். பாளையம் தாண்டி ஈரத்தில் வண்டி சறுக்கியது. ஓட்டிய பையனுக்கு முட்டியில் சிராய்ப்பு மட்டும்.

ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு வலது மணிக்கட்டு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். சீட்டும் பில்லுமாகக் குவிகிறது. ஒன்றும் விட்டுப்போகாமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

ஜூன் 19

‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர்களுக்கு. களியக்காவிளை தாண்டினால் கிடையாது. மே மாதம் மத்திய அரசு அறிவித்த ஒன்றரை லட்சம் ரூபாய்ச் சிகிச்சைத் திட்டத்தைக் கேட்டேன். கவுன்ட்டர்ப் பெண் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். பணம் கட்டினோம்.

ஜூலை 3

பேப்பரில் மத்திய அரசின் புது வழிகாட்டி நெறிமுறை. ஓன் போர்டு பைக்கையும் செயலி வழியாக ஆள் ஏற்றி ஓட்ட மாநில அரசுகள் அனுமதிக்கலாமாம். அண்ணன் விழுந்த அன்றைக்குப் பெர்மிட் இல்லாத குற்றம். இனி அரசு மனசு வைத்தால் தொழில். ரோடு அதே ரோடுதான்.

ஜூலை 6

எஃப்.ஐ.ஆர். மலையாளத்தில் இருக்கிறது. பெரியப்பாவிடம் கொண்டு போனேன். 1956-க்கு முன்னால், விளவங்கோடு அந்தப் பக்கம் இருந்த காலத்தில், பள்ளிக்கூடம் போனவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெல்ல வாசித்தார். பையன் அஜாக்கிரதையாக ஓட்டினான், பின்னால் இருந்த ஆளுக்குக் காயம், அவ்வளவுதான். செயலி இல்லை, வாடகை இல்லை.

“சவாரின்னே எழுதல்லியே,” என்றார். எனக்கு அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 20

பையன் வந்தான், அம்மாவோடு, பாறசாலையிலிருந்து. ஒரு சீப்பு மட்டிப்பழம். பாலிடெக்னிக் படிக்கிறான். சாயந்தரமும் லீவு நாளும் ஓட்டுவானாம். திண்ணைக்கு மேல் ஏறவில்லை. மைனி கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். கோபத்தோடுதான், ஆனாலும் கொடுத்தாள்.

அண்ணன்தான் முதலில் பேசினார். “முட்டி சரியாச்சா மக்ளே?”

அவன் அழுதுவிட்டான். அம்மா என் பக்கம் திரும்பினாள். வண்டி அவன் அப்பா பேரில், லோன் இன்னும் முடியவில்லை. இன்சூரன்ஸ் ஃபுல் இன்சூரன்ஸ்தான். “ஆனா சொந்த உபயோகத்துக்குள்ள பாலிசியாக்கும் சேச்சி. வாடகைக்கு ஓட்டினான்னு தெரிஞ்சா கம்பெனி கைவிரிச்சிரும். லிஃப்ட் குடுத்தான்னு மட்டும் சொல்லுங்கோ. உங்களுக்கும் ரூவா வரும், எனக்க பிள்ளைக்கும் ஒண்ணும் வராது.”

ஒருத்தருக்கும் நஷ்டமில்லாத பொய். பெரியப்பா வாசித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காகிதமும் அந்தப் பொய்க்கு இடம் விட்டே எழுதப்பட்டிருக்கிறது.

அண்ணன் பதில் சொல்லவில்லை. பழத்தை உரிக்கப் பார்த்தார், ஒற்றைக் கையால். பையன் வாங்கி உரித்துக் கொடுத்தான்.

ஜூலை 21

மைனி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11

மார்த்தாண்டத்தில் வக்கீல். விபத்து கேரளாவில் என்றாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம், குழித்துறை போதும் என்றார். ஆனால் ஆறு மாதத்துக்குள். 2022 ஏப்ரலிலிருந்து அப்படி.

லிஃப்ட் விஷயத்தைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். லிஃப்ட் என்றால் ஃபுல் இன்சூரன்ஸில் பின்சீட்டுக்காரருக்கு உண்டு. வாடகை என்றால் கம்பெனி எதிர்க்கும். 2018-ல் உச்ச நீதிமன்றம் அம்ரித் பால் சிங் வழக்கில், பெர்மிட் இல்லாத வண்டிக்கும் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. அதைக் காட்டி வாதாடலாம். வசூலிப்பது யாரிடம்? லோன் கட்டும் அந்த அப்பாவிடம்.

“லிஃப்டுன்னு எழுதினா செயலிக்காரனை வழக்கிலேயே சேர்க்க முடியாது. அவன் சுகமாப் போயிருவான், பாத்துக்கிடுங்க.”

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பொய் சொன்னால் பையன் தப்பிப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாரையும் விடப் பெரியவன் முதலில் தப்பிக்கிறான்.

ஆகஸ்ட் 24

வருமானத்துக்கு ஆதாரம் வேண்டுமாம். மரத்துக்கு இவ்வளவு என்று கையில் வாங்கும் கூலிக்கு ஏது ரசீது? முதலாளி எழுதிக் கொடுக்கத் தயங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை. மலைக்கோவிலுக்கு ஏறும் கூட்டம் வாசல் வழியாகப் போகிறது. அங்கே விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குறத்திகள் பகவதிக்குப் பொன் அணிகலன் கொடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சமணப் பெண் துறவிக்கு ரசீது இருக்கிறது.

வக்கீலிடம் போனில் புலம்பினேன். 2014-ல் காய்கறி விற்ற ஒருவருக்கு ஆதாரமே இல்லாமல் மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டதாம். மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, அண்ணனுக்கு 47 வயது என்பதால் 13-ஆல் பெருக்கி, அதில் எத்தனை சதவீதம் சம்பாத்தியம் போனதோ அவ்வளவு.

அக்டோபர் 2

மழை. வெட்டு இல்லை. மைனிக்கு முதுகுவலி.

நவம்பர் 12

ஊன சதவீதம் பார்க்க டாக்டரிடம் போனோம். கோணம் அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோலை மணிக்கட்டில் வைத்து, “மடக்குங்க” என்றார். வீட்டில் டம்ளர் தூக்கவே முகம் சுளிப்பவர், பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். “இன்னும் கொஞ்சம் வரும் சாரே,” என்று மேலும் மடக்கினார். நெற்றியில் வியர்வை. பள்ளிக்கூடத்தில் தண்டால் எடுத்துக் காட்டும் பிள்ளை மாதிரி டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

போதும், நிறுத்துங்கண்ணே என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டு நின்றேன்.

22 சதவீதம்.

வரும் வழியில் பஸ்ஸில், “பரவாயில்ல, கை வருது என்னா?” என்றார். ஆமா என்றேன்.

நவம்பர் 13

2010-ல் ராஜ்குமார் வழக்கு என்று ஒன்று. உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பதல்ல, பிழைப்பில் எத்தனை போனது என்று பார்க்கச் சொல்கிறது. கை போனால் தச்சருக்கு வேறு கணக்கு, குமாஸ்தாவுக்கு வேறு. பால் வெட்டுக்கு 22 என்பது நூறாகக்கூட இருக்கலாம் என்கிறார் வக்கீல். இரவெல்லாம் மனம் பெருக்கிக்கொண்டே இருந்தது.

நவம்பர் 30

விடியுமுன் அண்ணன் தோட்டத்தில் நின்றார். நெற்றியில் லைட்டு, இடது கையில் கத்தி. பட்டை கோணலாக வந்தது. மரத்தில் காயம் பட்டுப் பால் வழிந்தது. “யாராவது போட்டோ எடுத்துரப் போறான், வாங்கண்ணே,” என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

டிசம்பர் 3

நாளை குழித்துறை. கெடு நெருங்கிவிட்டது. மனுவில் எல்லாம் டைப் அடித்தாகிவிட்டது. எப்படி அந்த வண்டியில் ஏறினார் என்ற வரி மட்டும் பாக்கி. ராத்திரிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார் வக்கீல்.

சாப்பிடும்போது கேட்டேன். மைனி, “லிஃப்டுன்னே போடட்டு” என்றாள். பிறகு, “இல்ல, எனக்குத் தெரியாது” என்றாள்.

அண்ணன் இடது கையால் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தார். “அந்தப் பையனுக்குப் பரீட்சை எப்போ? ஒண்ணு போன் பண்ணிக் கேளு.”

போன் அடிக்கிறது. எடுக்கவில்லை.