அங்கிட்டுக் கிளாஸ், இங்கிட்டுச் சிரட்டை

கள்ளுக்கடையை மறுபடி திறக்கணும் என்று நாலா பக்கமும் குரல் கேட்கிறது. கள் உணவு, கள் மருந்து, கள் தமிழன் பண்பாடு என்கிறார்கள். 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்தில் சீமான் பனையேறிக் கள் இறக்கிக் காட்டினார். கேரளத்தைப் பாருங்கள், ஷாப்பில் குடும்பத்தோடு உட்கார்ந்து கப்பையும் மீன்கறியும் சாப்பிடுகிறார்கள் என்று உதாரணம் வேறு. பனையேறியின் பிழைப்பைப் பறித்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிராந்திக் கம்பெனிக்காரனுக்கு லைசென்ஸ், பனையேறிக்கு ஜெயில் என்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் 'பண்பாடு' என்ற சொல் வந்து விழுந்ததும் எனக்கு அந்த ஓலைத்தட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கள் நாள்பட நிற்காது. காலையில் இறக்கியது சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், மறுநாள் அது காடி. அதனால் மரம் இருக்கிற பக்கத்திலேதான் கடை. நத்தம் ரோட்டில் சாணார்பட்டி, பெயரிலேயே பனையேறி இருக்கிறான். வேடசந்தூர்ப் பக்கம் பனை, நிலக்கோட்டை வத்தலக்குண்டுப் பக்கம் தென்னை. ஊருக்கு வெளியே தோப்பு, தோப்போரம் கடை, அதற்கு அடுத்தாற்போல் சேரி. "குடிகாரப் பயலுக, கடைய ஒட்டியே குடியிருக்கானுக" என்று ஊர்க்காரன் பேச இது போதாதா? அங்கே எங்களைக் குடிவைத்தது யார் என்ற பேச்சு மட்டும் வராது.

எங்கய்யா பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அதே சுண்ணாம்புதான் அய்யாவின் கால்விரல் இடுக்குகளை அரித்துப் புண்ணாக்கி வைத்திருந்தது. "அந்த எரிச்சலுக்குத்தேன் ஊத்துறேன்" என்பார். ஆத்தா இதை ஒருநாளும் நம்பியதில்லை. சனிக்கிழமை கூலி நாள். பொழுது சாயும் முன்னே என்னைக் கடைக்கு விரட்டுவாள். "போயி உங்கய்யா மடியில மிச்சம் இருக்கிறத வாங்கியாடா, முழுசா ஊத்திக்கிறதுக்குள்ள." 1983, 84-இல் எனக்குப் பத்து வயசு இருக்கும். கள்ளுக்கடையை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான், குடிக்கப் போய் அல்ல.

கடை என்றால் கூரைக் கொட்டகை. நடுவில் பானைகள். பானைக்கு அங்கிட்டு ஒரு பெஞ்சு, கண்ணாடிக் கிளாஸ். இங்கிட்டு ஒரு ஓலைத்தட்டி, தட்டிக்குப் பின்னால் மண் தரை. அதுதான் எங்க ஆளுக இடம். காசைப் பலகையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். ஊற்றுகிறவர் மேலே இருந்து சிரட்டையில் ஊற்றுவார், செம்பு சிரட்டையில் படாது. குடித்த சிரட்டையை அவரவரே கழுவி, வேப்பமரத்தில் கட்டியிருந்த கம்பியில் மாட்டிவிட்டுப் போகணும். தோப்புக்குள்ளே மரத்தடியில் குடிக்கும்போது இந்த வில்லங்கம் கிடையாது, எல்லாருக்கும் பனையோலைப் பட்டைதான். கடை என்று ஒன்று வந்தபிறகுதான் கிளாஸ் வந்தது, கிளாஸோடு சாதியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பனையேறியின் சனங்களுக்கும் ஒரு காலத்தில் கோயில் வாசல் அடைத்துத்தான் கிடந்தது. கமுதிக் கோயில் வழக்கு 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. அது தெரிந்த கைதான் எங்களுக்குச் சிரட்டையில் ஊற்றியது.

இது ஏதோ கள்ளத்தனமாக நடந்த கடை இல்லை. அரசாங்கம் ஏலம் விட்ட கடை. கடையிலும் ஓட்டலிலும் தீண்டாமை பார்ப்பதும், பொதுப் பாத்திரத்தை மறுப்பதும் குற்றம் என்று 1955-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. சட்டத்துக்கு இருபத்தாறு வயசானபோது, 1981-இல், எம்.ஜி.ஆர். அரசு கள், சாராயக் கடைகளைத் திறந்தது. லைசென்ஸ் பலகை தொங்கிய கொட்டகைக்குள்ளேயேதான் எங்க தட்டியும் நின்றது.

ஆனால் தட்டிக்குப் பின்னால் வெறும் குடி மட்டும் நடக்கவில்லை. எந்த ஷாப்பில் கூலி ஏறியிருக்கிறது, எந்த முதலாளி முன்பணம் தருவான், யார் பிள்ளைக்கு எங்கே பெண் இருக்கிறது, எல்லாம் அங்கேதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் பழைய பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். கூலி உயர்வு கேட்டு எல்லாருமாய்ப் போவோம் என்ற பேச்சை நான் முதலில் கேட்டது அந்த மண்தரையில்தான். வேறு எங்கே பேசுவார்கள்? டீக்கடையில் பெஞ்சு இல்லை, சாவடியில் இடம் இல்லை.

எங்க அப்பத்தா தட்டிக்கு இந்தப் பக்கம் மாட்டுக்கறி வறுவலும் குடலும் விற்றாள். இருட்டிவிட்டால் அங்கிட்டு இருந்து ஒரு கை தட்டியின் மேலாக நீளும். "கெழவி, ஒரு எலைக்குக் கட்டு." முகம் காட்டமாட்டார்கள். அப்பத்தா முகத்தைக் கேட்கவும் மாட்டாள், காசை எண்ணி வாங்கிக்கொள்வாள். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போன ஒரே சாமான் அந்த வறுவல்தான்.

கடையின் கதியைத் தீர்மானித்ததெல்லாம் ஓட்டுக் கணக்கு. 1971-இல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார். 1973 மே மாதம் எங்க திண்டுக்கல் இடைத்தேர்தலில்தான் எம்.ஜி.ஆர். கட்சிக்கு முதல் வெற்றி. மதுவை எதிர்த்தும் பேசித்தான் ஓட்டுக் கேட்டார்கள். அதே வருசம் கள்ளுக்கடையும், 1974-இல் சாராயக்கடையும் மூடின. பிறகு எம்.ஜி.ஆரே திறந்தார், 1987 பிறந்த அன்றே மூடவும் செய்தார். கள் அன்று போனது போனதுதான். 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் 2003 நவம்பரில் சில்லறைக் கடையும் போட்டது.

டாஸ்மாக்கில் தட்டி இல்லை, சாதி கேட்பதில்லை. பிளாஸ்டிக் டம்ளர், குடித்தால் தூக்கி எறி. கழுவுகிற பேச்சே இல்லை. இது ஒரு வகையில் விடுதலைதான் என்று என் சிநேகிதர் ஒருவர் வாதிடுவார். நான் மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே பேப்பர் வாசிக்க ஆள் இல்லை, கூலி பேசுகிறவனும் இல்லை. நின்ற வாக்கில் குவார்ட்டரை ஊற்றிக்கொண்டு விழுகிறான். ஆத்தா மாதிரிப் பெண்களுக்கு மடியில் மிச்சம் பிடுங்கக்கூட நேரம் கிடைப்பதில்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேல் கடைகளை மூடினார்கள். மூடிய கடைகளுக்குப் புது இடம் தேடினார்கள். எங்கே வரும்? எங்க காலனிக்குப் பின்னாலும் ஒன்று வந்தது. பெண்கள் விளக்குமாற்றோடு உட்கார்ந்தார்கள். வந்த அதிகாரி கேட்டார்: "உங்க ஆளுகதானம்மா குடிக்கிறாங்க, கடை இங்க இருந்தா என்ன?" நான் பிறக்கும் முன்னாலேயே ஊர்க்காரன் கேட்ட கேள்விதான்.

இங்கிலாந்தில் பழைய பப்புகளைச் சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். 2011-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, மூடப்போகிற பப்பை ஊர் மக்களின் சொத்தாகப் பதிந்து, தாங்களே வாங்கக் கேட்கலாம். அந்தப் பப்புகளிலும் கூலிக்காரனுக்கு ஒரு அறை, கனவானுக்கு ஒரு அறை, அங்கே விலையும் கூட. பல இடங்களில் நடுத்தடுப்பை இடித்துவிட்டார்கள். மிச்சமிருக்கிற தடுப்புகளை இப்போது புராதனச் சின்னமாக வைத்துக் காக்கிறார்கள், யார் எங்கே உட்கார்ந்தான் என்று பார்க்கிறவனுக்குத் தெரிகிறது.

எங்க தோப்பு பிளாட் போட்டு விற்றாகிவிட்டது, வேப்பமரமும் இல்லை. நாளைக்கு யாராவது பழைய கள்ளுக்கடை மாதிரி ஒன்றைக் கட்டிக் காட்சிக்கு வைப்பதென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். தட்டியை எங்கே நிறுத்தணும், சிரட்டைக் கம்பியை எந்த உயரத்தில் கட்டணும் என்று வந்து காட்டுகிறேன். ரொம்ப உயரமில்லை. அய்யாவுக்குக் கால் தள்ளாடும் நாட்களில் அவர் சிரட்டையை நான்தான் கழுவி மாட்டுவேன், எனக்கு எட்டும்.