ஒரு அங்குலப் பிட்ச்

முட்டத்தில் அந்த அவுட்போர்டு எஞ்சின் பட்டறையின் வாசலிலேயே பழைய விசிறிகள் குவிந்து கிடந்தன. பாறையில் உரசி நுனி மடங்கியவை, ஒரு இறக்கை பாதியாய்ப் போனவை. இலத்தூர்க்காரனான எனக்கு எல்லாமே புதுசு. எங்கள் ஊர்க் குளத்தில் எஞ்சின் ஓடுவதில்லை. குற்றாலச் சீசனில் எனக்குப் படகு என்றால் மிதிபடகுதான்.

வள்ளக்காரத் தம்பி ஒருவர் எஞ்சின் இழுக்கவில்லை என்று வந்திருந்தார். 9.9 குதிரைத் திறனை விற்றுவிட்டு 15-க்குப் போகலாமா என்று யோசனை.

“போகும்போது இழுக்கலையா, வரும்போதா?” என்றார் மெக்கானிக்.

“வரும்போதுதாண்ணே. மீன்பாடு இருந்தா நவுரவே மாட்டேங்கு.”

மெக்கானிக் விசிறியைத் துடைத்து, நடுக்குமிழில் பொறித்திருந்த எண்களைக் காட்டினார். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச்: மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, விசிறி ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. இந்த விசிறிக்குப் பிட்ச் 10. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியர் அதைப் பாதியாக்குகிறது என்று கொண்டால் விசிறிக்கு 2,500. மணிக்கு 38 கிலோமீட்டர் வருகிறது. காகிதத்தில்தான்! தண்ணீர் மரமல்ல, வழுக்கும். வலையும் ஐஸும் மீனும் ஏற்றிய வள்ளம் அதில் பாதியைத் தொட்டாலே பெரிது.

பாரத்தோடு முழு ரேஸ் கொடுக்கும்போது எஞ்சின் எத்தனை சுற்று போகிறது என்பதுதான் கேள்வி. கம்பெனிப் புத்தகம் 4,500 முதல் 5,500 வரை என்று சொல்லியிருக்க, அது 4,100-லேயே முக்கினால் பிட்ச் அதிகம். எஞ்சின் திணறும், கரி பிடிக்கும், எரிபொருள் வீணாகும். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும். ரொம்பக் குறைத்தாலோ வெறும் வள்ளத்தில் எஞ்சின் எல்லை மீறிச் சுற்றும்; அதுவும் கேடு.

இந்தக் கணக்கு நம் கடற்கரைக்குப் புதிதல்ல. 1979-இல் சென்னையில் தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டத்தில் பணியாற்றிய நார்வேக்காரர் குல்பிரான்ட்சென், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-இலேயே தனி அறிக்கை எழுதினார். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் சிக்கனம் என்பது அவர் துறையின் பழைய பாடம். ஆனால் அவுட்போர்டில் விட்டத்தைக் கூட்ட இடம் கிடையாது. மேலே தகடு தடுக்கும். மிச்சம் பிட்ச்தான். கடையில் குதிரைத் திறனைக் கேட்டு வாங்குகிறவர்கள் பிட்சைக் கேட்பதேயில்லை என்பது என் ஆதங்கம்.

எஃகு விசிறி போடலாமா என்றும் தம்பி கேட்டார். மெக்கானிக் சிரித்தார். அலுமினியம் பாறையில் பட்டால் தான் உடையும். எஃகு அந்த அடியை உள்ளே கியருக்குக் கடத்தும். முட்டத்துப் பாறைகளுக்கு நடுவே அது வேண்டாத செலவு.

கடைசியில் 8 பிட்ச் உள்ள பழைய விசிறி ஒன்றை அரம் போட்டுச் சீராக்கிக் கொடுத்தார். வெறும் வள்ளத்தில் வேகம் கொஞ்சம் குறையும் என்று முன்னமே சொல்லிவிட்டார்.

“நாளைக்கு மீனோட வரும்போது மீட்டரைப் பாரு. 4,500-ஐத் தொட்டா ரூபாய் கொண்டு வா. தொடலன்னா விசிறியைக் கொண்டு வா.”