சுமக்கத் தெரிந்த வண்டி

கொல்கத்தாத் தமிழர்களாகிய எங்களை மிதிவண்டியிடம் கொண்டு சேர்த்தவர்கள் மருத்துவர்கள். அலுவலக நாற்காலியில் இருபது ஆண்டுகள் அமர்ந்து கோப்புகளைப் புரட்டிய உடலுக்கு, ஓய்வூதியம் வருமுன்பே இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் வந்துவிடுகின்றன. அவ்வாறு அச்சுறுத்தப்பட்ட நாங்கள் நால்வர், சங்கத்து இளைஞர் எழுவரோடு சேர்ந்து ஞாயிறுதோறும் விடியலில் லேக் மார்க்கெட்டில் கூடுவோம். ரவீந்திர சரோவரைச் சுற்றி, மைதானத்தின் பசுமையைக் கண்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவோம்.

இந்நகரம் மிதிவண்டியைப் போற்றியதும் உண்டு, விரட்டியதும் உண்டு. 1926-இல் நண்பர் மூவரோடு இங்கிருந்து மிதிவண்டியில் புறப்பட்ட பிமல் முகர்ஜி, உலகைச் சுற்றிவிட்டு 1937-இல் திரும்பினார். அவர் பிறந்த வங்கத்தின் இதே தலைநகரில், 2013-ஆம் ஆண்டு 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அவ்வெண்ணிக்கை 62 ஆகச் சுருங்கியது. பால் கொணர்பவருக்கும் செய்தித்தாள் போடுபவருக்கும் அது வயிற்றுப்பாடு. உடல்நலம் கருதி மிதிக்கும் எங்களுக்கோ அது வெறும் வழி மாற்றம். இந்த வேற்றுமையை நாங்கள் அந்நாளில் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது ஒரு காடு.

எங்கள் இளைஞர்கள் தடித்த டயர்களும், பல கியர்களும், அதிர்வு தாங்கும் முன்கவையும் கொண்ட மலை மிதிவண்டிகளை வாங்கினார்கள். எங்களையும் வாங்கச் செய்தார்கள். மலையில்லாத ஊரில் மலை வண்டி எதற்கு என்று இல்லத்தரசியர் கேட்டதற்கு எவரிடமும் விடையில்லை. ஆகவே சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்து ஆராபாரிக் காட்டுக்குச் செல்வதென முடிவாயிற்று. வண்டிகளைச் சிறு லாரியொன்றில் முன்னிரவே அனுப்பிவிட்டு, ஹவுராவில் முதல் ரயிலைப் பிடித்தோம். மேதினிப்பூரில் இறங்கி வடக்கே நெடுஞ்சாலையில் சென்றால் சால்போனி வருகிறது. நம் ரூபாய்த் தாள்கள் அச்சாகும் ஊர்களுள் அதுவும் ஒன்று. அத்தாள்களில் நம் தமிழ் எழுத்தும் இருப்பதை நினைத்துக்கொண்டு, அதனைக் கடந்து ஆராபாரியை அடைந்தோம்.

அங்கே ஓங்கி நிற்பது சால மரம். கம்பர் மராமரம் என்று பாடியது இதனைத்தான். இக்காட்டிற்குத் தனிச் சிறப்பு உண்டு. வெட்டி வெட்டி மொட்டையாகிக் கிடந்த இவ்விடத்தில், 1972-இல் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி சுற்றுப்புற மக்களை அழைத்துப் பேசினார். காட்டைக் காத்தால் வேலையும் உண்டு, மரம் விற்ற வருவாயில் நூற்றுக்கு 25 பங்கும் உண்டு என்றார். பதினொரு ஊர்களின் 618 குடும்பங்கள் 1,272 ஹெக்டேர் காட்டின் காவலை ஏற்றன. சால மரத்தின் அடிக்கட்டை உயிருள்ளது. மாடும் கோடரியும் விலகினால் தானே தழைக்கும். தழைத்தது. நாட்டின் கூட்டு வன மேலாண்மை என்னும் திட்டத்திற்கு இதுவே முன்மாதிரியாயிற்று. இவற்றையெல்லாம் நாங்கள் ரயிலில் படித்துக்கொண்டு சென்றோம். படித்தது வேறு, பட்டது வேறு.

முந்தின இரவு பெய்த மழையில் காட்டுப் பாதை செங்குழம்பாய்க் கிடந்தது. ஈரக் காட்டில் வண்டி ஓட்டுவது தனிக் கலை. டயரில் காற்றைச் சிறிது குறைத்தால்தான் மண்ணைப் பற்றும். வேரின் மேல் குறுக்காக ஏறவேண்டும். சாய்வாக ஏறினால் சக்கரம் வழுக்கிவிடும். நனைந்த சருகின் மேல் முன் பிரேக்கைத் தொடுவது விழுவதற்கு விண்ணப்பம் எழுதுவதற்கு ஒப்பாகும். முதல் ஒரு மணி நேரத்தில் எங்களுள் அறுவர் அவ்விண்ணப்பத்தை எழுதினோம். ஆயினும் முகத்தில் சேறு தெறிக்க, சிறுவர்போல் கூவிச் சிரித்தோம். அலுவலகத்தில் எவரும் எங்களை அப்படிக் கண்டதில்லை.

எதிரே பள்ளி மாணவி ஒருத்தி தனிப்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். 2015 முதல் மாநில அரசு ஒன்பதாம் வகுப்பு முதல் பயிலும் மாணவர்க்கு வழங்கிவரும் மிதிவண்டிகளுள் ஒன்றாக இருக்கலாம் அவளுடையது. ஒரு கையில் குடை, மறு கையில் கைப்பிடி. நாங்கள் இறங்கித் தள்ளிய வழுக்கலை அவள் ஏறியமர்ந்தே கடந்து போனாள். இளைஞர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

நடுப்பகலுக்குமுன், சரளை நிறைந்த இறக்கம் ஒன்றில் அது நேர்ந்தது. முந்தியோடும் ஆவலில் எங்கள் தம்பியொருவர் வேகத்தைக் குறைக்கவில்லை. இராமனின் அம்பு ஏழு மராமரங்களைத் துளைத்தது. இவருக்கு ஒன்றே போதுமாயிருந்தது. தோள்பட்டை முன்புறம் வீங்க, முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார். கால் எலும்புக்குக் கேடில்லை எனினும், இரண்டடி நடந்தால் மயக்கம் வந்தது. சாலையோ மூன்று கிலோமீட்டர் அப்பால். லாரி அதற்குள் வரமுடியாது. எங்களிடம் இருந்தவை பதினொரு வண்டிகள். அவற்றுள் ஒன்றிலும் ஓர் ஆளை உட்கார்த்திவைக்க இடமில்லை. எடை கூடும், அழகு குறையும் என்று கேரியர் இல்லாமல் வாங்கிய வண்டிகள் அவை. எங்களுள் மூத்தவர் அவற்றை வரிசையாகப் பார்த்து, "இவ்வளவு பணத்திற்கு ஒரு பலகைகூட இல்லையே!" என்றார்.

அப்போது அவ்வழியே முதியவர் ஒருவர், கறுப்பு நிறப் பழைய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் சால இலைக் கட்டு ஓராள் உயரத்துக்கு இருந்தது. அவர் வீட்டுப் பெண்கள் அவ்விலைகளைத் தைத்துச் சந்தைக்கு அனுப்புவார்கள். நம் ஊர்த் தையல் இலை போன்றதே. எங்களை எதுவும் கேளாமலே கயிற்றை அவிழ்த்து, கட்டை மரத்தடியில் சாய்த்தார். தம் தோள் துண்டால் தம்பியின் கையை மார்போடு கட்டினார். கேரியரில் உட்காரவைத்து, ஒருவர் முதுகைத் தாங்க, வழுக்கும் இடம் ஒவ்வொன்றையும் அறிந்தவராய்ச் சாலை வரை தள்ளிக்கொண்டு வந்தார். லாரி தம்பியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தது. காறை எலும்பில் முறிவு; ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று பின்னர் செய்தி வந்தது.

நாங்கள் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் சிலவற்றை நீட்டினோம். "இலை அங்கேயே இருக்கிறது பாபு, போய் எடுத்துக்கொள்வேன்," என்று மறுத்தார். பின் சற்றுத் தயங்கி, "கொடுக்க விரும்பினால் வேறொன்று கேட்கிறேன். அந்த இறக்கத்தில் உங்கள் சக்கரங்கள் மண்ணைக் கீறிவிட்டன. அதை மூடிவிட்டுப் போங்கள். அடுத்த மழை அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் விடாது," என்றார்.

நாங்கள் திரும்பிச் சென்று பார்த்தோம். அவர் சொன்னது மெய். பிரேக்கை இறுக்கிய இடந்தோறும் சக்கரம் உருளாமல் தேய்த்துச் சென்று, நாலு விரல் ஆழத்தில் வாய்க்கால் வெட்டியிருந்தது. அவருடைய கனத்த வண்டி சென்ற தடமோ மண்ணின் மேல் ஒரு கோலக்கோடு போல் இருந்தது. இறக்கத்தில் அவர் ஏறி ஓட்டுவதில்லை, தள்ளிச் செல்கிறார். ஒரு மணி நேரம் சரளையும் சுள்ளியும் பொறுக்கிப் போட்டு, நீர் ஓரமாய் வடியக் குறுக்கே கிளைகள் பதித்து, காலால் மிதித்து மூடினோம். முதியவர் அருகே நின்று, "இங்கே இன்னும் கொஞ்சம்," என்று காட்டினார். மேலதிகாரி எங்கள் குறிப்பைத் திருத்துவது போலவே இருந்தது. நாங்களும் பணிந்தோம். அது அவர் காடு.

மலை மிதிவண்டியின் பிறப்பை ஓர் இளைஞர் திரும்புகையில் சொன்னார். 1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில வாலிபர்கள், பழைய கனத்த வண்டிகளை மலைப்பாதையில் இறக்கிப் பந்தயம் விட்டார்களாம். இறங்கி முடிப்பதற்குள் பிரேக் சூட்டில் பின் அச்சின் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும், மீண்டும் அடைக்கவேண்டும். அதுவே அப்பந்தயத்திற்குப் பெயருமாயிற்று. அவர்கள் விளையாட்டாகக் கண்டுபிடித்ததை, எங்கள் காகா பிழைப்பாக என்றோ கண்டுபிடித்திருந்தார் என்று எண்ணிக்கொண்டோம். வங்காளத்தில் சிற்றப்பனைக் காகா என்பர். அவரை அப்படியே அழைக்கத் தொடங்கியிருந்தோம்.

மார்கழியில், எலும்பு கூடிய தம்பியையும் அழைத்துக்கொண்டு மீண்டும் சென்றோம். நாங்கள் மூடிய இடத்தில் புல் முளைத்திருந்தது. அன்று மாலை கார்பேட்டாவுக்கு அருகே சிலாபதி ஆற்றங்கரையிலுள்ள கங்கானியையும் பார்த்தோம். செம்புறை நிலத்தை நீர் அரித்து அரித்து, கோட்டைச் சுவர்கள் போலவும் பாதாளங்கள் போலவும் ஆக்கிவைத்திருக்கிறது. மக்கள் அதன் அழகைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகுதான். ஆனால் எங்களுக்கு அந்த நாலு விரல் கீறலே கண்முன் நின்றது. நீர் பிடித்துக்கொண்ட கோடு எதுவரை போகும் என்பதை அங்கே கண்டோம்.

எங்கள் பதினொரு வண்டிகளுள் மூன்றில் இப்போது கேரியர் பொருத்தியிருக்கிறோம். அழகு கெட்டுவிட்டது என்று இளைஞர்கள் குறைப்படுகிறார்கள். காறை எலும்பு முறிந்த தம்பி மட்டும் குறைப்படுவதில்லை. அம்மூன்றில் ஒன்று அவருடையது.