உப்புக்காற்றுக்கு ஏற்ற மடக்குக்கத்தி

உழவர் இடுப்பில் வைத்துக்கொள்ளும் மடக்குக்கத்தி நல்லதா அல்லவா என்பது, அது என்ன வேலை செய்கிறது, எந்தக் காற்றில் கிடக்கிறது என்னும் இரண்டையும் சேர்த்துப் பார்த்த பின்னரே சொல்லத்தக்கது. மலையடிவாரத் தோட்டத்தில் பல்லாண்டு உழைக்கும் கத்தி, இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ இராமேசுவரம் தீவிலோ ஒரே மழைக்காலத்தில் துருவேறி மடங்காமல் நின்றுவிடக்கூடும். ஆகவே, இக்கடற்கரைக்குரிய கத்தியை உறையின்மேல் அச்சிட்ட சொற்களைக் கொண்டன்றி, இங்குள்ள வேலையையும் காற்றையும் கொண்டு தேர்வதே முறையாகும்.

பெரிய வேலைகளுக்கு இம்மாவட்டத்தில் தனித்தனிக் கருவிகள் முன்பே உள்ளன. சீமைக்கருவேலை வெட்ட வெட்டரிவாளும் கோடரியும், ஆட்டுக்குக் குழை ஒடிக்க நீண்ட கழியின் நுனியில் சிற்றரிவாள் கட்டிய தொரட்டியும், மல்லிகைச் செடியைக் கவாத்துச் செய்யக் கத்தரியும், காலில் தைத்த முள்ளை எடுக்க அரைஞாண் கயிற்றில் தொங்கும் முள்வாங்கியும் இருக்கையில், மடக்குக்கத்தியின் பங்குக்கு எஞ்சுபவை சிறிய வேலைகளே. மிளகாய்ச் சாக்கின் தையலை அறுப்பது, சொட்டுநீர்க் குழாயை நறுக்குவது, ஓலையை வாருவது, கயிற்றில் சிக்கித் திணறும் ஆட்டின் கழுத்தை விடுவிப்பது என்பன அவற்றுட் சில. இவற்றினும் நுட்பமானது, தங்கச்சிமடம் வட்டாரத்தில் மல்லிகைக் கன்று வளர்ப்போர் செய்யும் தண்டு நறுக்கல். முற்றியும் முற்றாமலும் உள்ள தண்டைக் கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரே இழுப்பில் அறுக்கவேண்டும். மழுங்கிய கத்தி தண்டை அறுக்காமல் நசுக்குவதால், நசுங்கிய திசு அழுகி, வேர் பிடிக்கும் முன்னரே கன்று பட்டுப்போகிறது.

கூர்மை பற்றிய இந்த அறிவு இப்பகுதியில் மிக உயர்ந்த நிலையில் விளங்குவது பனையேறிகளிடத்திலேதான். சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கங்களில் பதநீர் இறக்குவோர், பனையின் பூங்கொத்தாகிய பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவிவிடுகின்றனர். சீவலின் நோக்கம், காய்ந்து அடைபட்ட திசுவை நீக்கிப் புதிய வாயைத் திறந்துவிடுவதாகும். சீவல் தடித்தால் பாளை விரைவில் குறைந்து தீர்ந்துபோகும், கத்தி மழுங்கினால் நுண்குழல்கள் மூடிக்கொண்டு ஊறல் நின்றுபோகும். இக்காரணத்தால் பாளை அரிவாளை அவர்கள் வேறெந்த வேலைக்கும் தொடுவதில்லை. அதை இடுப்பின் பின்புறம் கட்டிய அரிவாள்பெட்டியில் தனியே வைத்து, மரக்கட்டையின்மேல் வெண்கற்பொடி தூவி நாள்தோறும் தீட்டுகின்றனர். ஒரு கத்தியை எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று அறிய விரும்பும் உழவர், கடைக்குச் செல்லுமுன் ஒரு பனையேறியிடம் சென்று கேட்பது நலம். நூல்களில் அரிதாகவே கிடைக்கும் அறிவு அது.

இனி, இரும்பு. கரிம எஃகு, அதாவது கரி மட்டுமே சிறிது கலந்து கடினமாக்கப்பட்ட எஃகு, எளிதில் தீட்டுப்படும், ஆனால் துருவேறும். காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து அலகின்மேல் மெல்லிய நீர்ப்படலத்தை நிலைநிறுத்துவதால், கடலோரத்தில் அத்துரு விரைந்து பரவுகிறது. துருப்பிடிக்காத எஃகு எனப்படுவதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருக்கும். அது காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் காப்புப் படலமாக அமைகிறது. அப்படலமும் உப்புக்கு முழுதும் தப்புவதில்லை. காற்று புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் படலம் உடைந்து குழிகுழியாக அரிப்பு ஏற்படும் என்பதால், அலகு பளபளத்துக்கொண்டிருக்கையிலேயே மடங்கும் மூட்டு இறுகிவிடுகிறது. வாங்குவோர் பெரும்பாலும் அலகையே பார்க்கின்றனர். இக்கடற்கரையில் முதலில் பார்க்கவேண்டியது மூட்டையே. பித்தளை ஆணியும் பித்தளை வளையமும் கொண்டதாக, பிடியின் முதுகு திறந்து, உள்ளே புகுந்த மணலைக் கழுவிவிட இடமுள்ளதாக அது இருக்கவேண்டும்.

கழுவுவதற்கு நன்னீர் வேண்டும். குடத்தோடு நெடுந்தூரம் நடக்கும் ஊர்களில் அது எளிய பொருளன்று. எனினும் ஒரு குவளை போதுமானது. உலர்த்தியபின் இடவேண்டியது தேங்காயெண்ணெய். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மின்சாணைக்குக் கொடுப்பது கூடாது. வேகமாகச் சுழலும் கல்லின் சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாரித்தால், கொல்லர் ஊட்டிய தோய்ச்சல், அதாவது காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்திப் பெற்ற கடினம், இழக்கப்படும்.

வேட்டிக்குப் பையில்லை. இங்குள்ள உழவர் கத்தியை மடியிலோ அகன்ற பச்சை பெல்ட்டின் பையிலோ வைப்பதால், மடங்குதல் அதற்கு இன்றியமையாத பண்பாகிறது. விரித்த அலகு தானே மூடி விரலை அறுக்காதபடி பூட்டும் வேண்டும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் உருவாக்கிய உழவர் கத்தி, 1955இல் ஒரு சுழலும் வளையத்தையே பூட்டாகப் பெற்றது. நுட்பம் அவ்வளவு எளிமையானதாக இருக்கலாம். மடக்கும் கருவி தமிழருக்கும் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் விவரிக்கும் மடக்கெழுத்தாணிகளுள் சிலவற்றில், ஒருபக்கம் எழுத்தாணியும் மறுபக்கம் ஓலை வாரும் கத்தியும் அமைந்து, இரண்டும் மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக்கொம்பாலோ ஆன பிடிக்குள் மடங்கின. ஓலைச்சுவடியோடு அவ்வெழுத்தாணிகளின் தேவையும் மறைந்தது. அத்திறமையை உழவருக்கான கத்தியில் மீட்டெடுக்க இன்றும் உள்ளூர்ப் பட்டறைகளால் இயலும். திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கும் கைகளுக்கு ஒரு சிறு மடக்குக்கத்தி எட்டாத வேலையன்று.

அதுவரை கடையில் வாங்குவோர், நாள்தோறும் கத்தியைத் தொட்டுத் துடைப்பவராயின் கரிம எஃகையும், வாரம் ஒருமுறை எடுப்பவராயின் சாதாரணக் கல்லில் தீட்டுப்படும் துருப்பிடிக்காத எஃகையும் கொள்ளலாம். அலகு நாலு விரற்கடைக்கு மேல் நீள வேண்டியதில்லை. ஆடு வளர்ப்போர், கயிற்றை அறுக்கையில் ஆட்டின் கழுத்தில் குத்தாதபடி, நுனி மழுங்கிய அலகையே வாங்குக.